வெள்ளரிக்காய்க் கத்தி

நெட்டையன் விழுந்தது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. அதனால்தான் அத்தனை பேரும் நேராகக் கேன்டீனுக்கு வந்தார்கள்.

இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஃபவுண்டரி அது. மழை நாளிலேயே உள்ளே போனவன் சட்டையைப் பிழிந்துகொண்டுதான் வெளியே வருவான். அந்தக் கோடையில் கூரைத் தகரம் காய்ந்து காய்ந்து தானாகவே டப் டப்பென்று சத்தம் போட்டது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. அப்படிப்பட்ட வெயிலிலும் கேன்டீன் தட்டில் விழுந்தது வழக்கமான சாப்பாடுதான். மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும் இறைச்சிக் குழம்பு, பொரித்த கிழங்கு, வறுத்த சோறு. தின்றுவிட்டு எழுந்தால் கண் சொருகும். அந்தக் கண்ணோடு போய் உலை முன்னால் நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் வேலை நேரத்தில் சுருண்டு விழுந்திருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, நிழலில் உட்கார வைத்து, நாலு கேலி பேசித் திரும்ப அனுப்பிவிட்டார்கள்.

நெட்டையன் விழுந்தபோது அவன் கையில் வாளி இருந்தது. உருகிய இரும்பை உலையிலிருந்து வாங்கி, முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனுமாகத் தடி பிடித்து அச்சுவரை சுமந்துபோகிற வாளி. பாதி தூரத்தில் அவனுக்கு வயிறு புரட்டியது. குனிந்து வாந்தி எடுத்தான். எடுக்கும்போதே கால் மடிந்தது. வாளி அவன் பக்கமாகச் சாய்ந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எது பூட்ஸ், எது கால் என்று தெரியாமல் போயிற்று.

அந்த அலறல் கேன்டீன் வரைக்கும் கேட்டது. அக்கா அப்போது அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும்கூட. சமையல் அவளுடையது. கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவன் அவளுடைய அண்ணன். அவனுக்குப் பயில்வான் என்று பெயர். ஒரு காலத்தில் அவனும் அதே உலையில் நின்றவன். சண்டையில் ஒருவனின் விலாவை உடைத்ததற்காக வேலையிலிருந்து எடுத்தார்கள். பிறகு எப்படியோ அதே வாசல் வழியாகக் கேன்டீன்காரனாகத் திரும்பி வந்துவிட்டான். என்ன சமைப்பது என்பதை அவன் சொல்வான். அவள் சமைப்பாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்.

வந்த கூட்டத்தில் முன்னால் நின்றவன் சுருட்டை. நெட்டையனின் மச்சான். நெட்டையன் கட்டியிருப்பது இவனுடைய கூடப்பிறந்த அக்காவை. சுருட்டையின் சட்டையெல்லாம் வாந்தியும் கரியும்.

"என்னத்தப் போட்டே அவருக்கு?" என்றான்.

"எல்லாருக்கும் போட்டதைத்தான்..."

அவள் முடிக்கவில்லை. கழுவி அடுக்கியிருந்த எஃகுத் தட்டு ஒன்றை எடுத்து, விளிம்பால் அவள் வாயில் அடித்தான். அவள் பின்னால் சாய்ந்து தொட்டி மேல் விழுந்தாள். இரண்டு பேர் மிச்சமிருந்த குழம்பு அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். எண்ணெயும் குழம்பும் தரையில் ஓடி அவள் சேலைக்குள் புகுந்தன. யாரோ, "இதையே நக்குடி" என்றான். இன்னொருவன் அலமாரியை இழுத்துச் சாய்த்தான். தட்டும் தம்ளரும் உருண்ட சத்தத்தில் யார் என்ன கத்துகிறார்கள் என்றே புரியவில்லை.

அப்போது சாமான் அறையிலிருந்து பயில்வான் வந்தான். கையில் அண்டா கிண்டுகிற இரும்புத் துடுப்பு. அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதல் அடி ஒருவனின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் இன்னொருவனுக்கு நெற்றி பிளந்தது. வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடியவர்களின் முதுகிலும் விட்டுவிடாமல் போட்டான். காவலாளிகள் ஓடி வந்து நாலு பேராகக் கட்டிப் பிடித்த பிறகுதான் அவன் கை ஓய்ந்தது. அதற்குள் குழம்பின் சிவப்பு எது, ரத்தத்தின் சிவப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தரை இருந்தது.

எல்லோரும் போன பிறகு அக்கா தொட்டியில் வாயைக் கொப்பளித்தாள். முன்பல் பாதி உடைந்து கையில் வந்தது. பயில்வான் கவிழ்ந்த அண்டாவின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? ஒருத்தனாவது நின்னானா?"

"அண்ணே, அவங்க சொன்னதுல என்ன தப்பு?"

"எது?"

"இந்த வெயில்ல இதைத் தின்னுட்டு எவன் நெருப்புக்கிட்ட நிப்பான்? நானே ருசி பார்த்துட்டு நெஞ்சு கரிக்குதுன்னு வெறுந்தண்ணியா குடிக்கிறேன். நாலு மாசத்துக்கு மாத்திக்கலாம். வெள்ளரிக்காய், தயிர், அவிச்ச கடலை, பழம். வயித்துல கல்லு மாதிரி உக்காராம..."

"நிறுத்து. நான் நின்ன உலை அது. இதைத் தின்னுட்டுத்தான் நின்னேன். உழைக்கிறவனுக்குப் புல்லைப் போட்டா அவன் வாளியத் தூக்க மாட்டான், வாலைத்தான் தூக்குவான்."

"நீ நின்னது ரெண்டு வருஷம். அதுலயும் பாதி நாள் அடிதடிக்காக வெளியே நின்னே."

அவன் சிரித்தான். பிறகு எழுந்து வந்து அவள் பிடரியில் ஒன்று வைத்தான். பலமாக அல்ல. அவன் கணக்கில் அது செல்லம். அவளுக்கு உடைந்த பல் நாக்கில் குத்தி மறுபடி ரத்தம் வந்தது.

மேனேஜர் வார முடிவு வரைக்கும் கேன்டீனைப் பூட்டச் சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பையில் ஒரு தர்பூசணியை வைத்திருந்தாள். என்னத்துக்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வார்டு வாசலிலேயே நெட்டையனின் மனைவி அவளைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள், நின்றாள், கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அடிபட்டு வீங்கியிருந்த பக்கமே. அக்காவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. பையைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டாள்.

"முழங்காலோட எடுத்துட்டாங்க. தெரியுமா உனக்கு?" என்றாள் அவள்.

"தெரியாது."

"இப்ப தெரிஞ்சுதுல்ல. போ."

அக்கா போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து நெட்டையன், "யாரு? கேன்டீன் அக்காவா?" என்று கேட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.  மனைவி வழியை விட்டாள்.

அவனுக்கு அன்றைக்குவரை வாயில் எதுவும் இறங்கவில்லை. கஷாயம் போல் எதையோ கொடுத்தார்கள், துப்பிவிட்டான். அக்கா பழத்தை வெட்டி, விதையை எடுத்து, ஒரு துண்டை நீட்டினாள். வாங்கி வாயில் வைத்தான். இன்னொன்று கேட்டான். சாறு தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. மனைவி துடைக்கக் கை நீட்டியவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அன்னிக்கே இதைப் போட்டிருக்கலாம்ல அக்கா" என்றான் நெட்டையன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "நாளைக்குப் பெரிய அடுப்பைப் பத்த வைக்க மாட்டேன்."

பயில்வான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சரி போ. பாக்கலாம்" என்றான். தங்கச்சி பேசுவாளே தவிரச் செய்ய மாட்டாள் என்பது அவன் எண்ணம். இத்தனை வருடத்தில் அந்த எண்ணம் ஒரு தடவைகூடப் பொய்யானதில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே அவள் கேன்டீனைத் திறந்துவிட்டாள். ஊற வைத்த கொண்டைக்கடலையையும் முட்டையையும் சின்ன அடுப்பில் வேக வைத்து, வெயில் ஏறுவதற்குள் அடுப்பை அணைத்தாள். கடலையை வடித்துப் பரப்பி ஆற வைத்தாள். சந்தையிலிருந்து வண்டியில் வந்திறங்கிய வெள்ளரிக்காயைக் கழுவி, முனையை வெட்டித் தேய்த்துக் கசப்பை எடுத்தாள். பாதியை வில்லையாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தாள். தண்ணீர் விட்டதும் இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து, கெட்டித் தயிரில் போட்டு, புதினாவைக் கிள்ளிப் போட்டாள். தக்காளியும் வெங்காயமும் பொடியாக அரிந்து கடலையோடு சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்தாள். எண்ணெய் மொத்தமாகவே இரண்டு கரண்டிக்கு மேல் போகவில்லை, அதுவும் பச்சையாக. மீனை ஆவியில் வேக வைத்து முள் எடுத்து உதிர்த்து அதையும் ஆற வைத்தாள். தர்பூசணியைக் கீற்றாகப் போட்டாள். எல்லாப் பாத்திரத்தையும் ஐஸ் பாளத்தின் மேல் உட்கார வைத்து ஈரத்துணி போட்டு மூடினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் புகை இல்லை. நறுக்கிய வெள்ளரிக்காய் வாசனைதான் இருந்தது. அவள் கழுத்தில் வியர்வைகூட வரவில்லை.

பயில்வான் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். எண்ணெய் வாசனை இல்லை. உள்ளே வந்து ஒரு துணியைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன இது?"

"சாப்பாடு."

"யாருக்கு? மாட்டுக்கா?"

"சொல்லிட்டுத்தானே செஞ்சேன் அண்ணே."

தயிரும் வெள்ளரிக்காயும் இருந்த பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தான். வெள்ளையாகத் தெறித்து வழிந்தது. அவள் அடுத்த பாத்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள். "தள்ளு" என்றான். தள்ளவில்லை. புறங்கையால் முகத்தில் அறைந்தான். கிழங்கு மூட்டை மேல் போய் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி அறைந்தான். இந்த முறை மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"கெடக்கட்டும். நானே பொரிக்கிறேன். எவன் எதைத் திங்கிறான்னு பாத்துரலாம்" என்று பெரிய அடுப்பைத் திறந்து பற்ற வைத்தான். பர்னர் உறுமியது. குளிக்கிற தொட்டி அளவுக்கு இருக்கும் இரும்புச் சட்டியை ஏற்றி, டின்னோடு எண்ணெயைக் கவிழ்த்தான். இறைச்சியை மாவில் புரட்ட ஆரம்பித்தான்.

அக்கா மூக்கை முந்தானையால் அழுத்திப் பிடித்து, தலையை அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தாள். கொட்டிப்போனதற்குப் பதிலாக மிச்ச வெள்ளரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். ஒரே அறையில் அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு பக்கம் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. 

மணி அடித்தது. பரிமாறுகிற ஜன்னலை அவள்தான் திறந்தாள். வரிசையில் நின்றவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தட்டைப் பார்த்தார்கள். கடலை, மீன், அவித்த முட்டை, தயிரில் ஊறிய வெள்ளரிக்காய், ரொட்டி, இரண்டு கீற்றுப் பழம். ஒருவன் நின்ற இடத்திலேயே பழத்தைக் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, குளுகுளுன்னு இருக்கு."

"போய் உக்காந்து தின்னு."

பத்துப் பதினைந்து பேர் தாண்டிய பிறகு, பயில்வான் பொரித்த இறைச்சியைத் தாம்பாளத்தில் குவித்து ஜன்னலில் கொண்டுவந்து வைத்தான். ஆவி பறந்தது. வரிசை அதைத் தொடாமல் நகர்ந்தது. அவன் மேல் பயம் இருந்தது, அதனால் யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. பார்த்தும் பாராததுபோல் நகர்ந்தார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். அந்தக் கேன்டீனில் இரண்டாம் தடவை கேட்டு வந்தவன் என்று அதுவரை ஒருவனும் இல்லை.

பின்னாலிருந்து யாரோ, "பயில்வான் அண்ணே, அந்தச் சட்டியை உலைக்கு அனுப்பிருங்க. இரும்பு உருக்கலாம்" என்றான். வரிசை குலுங்கிச் சிரித்தது.

அந்த நேரத்தில் ஜன்னலில் நின்றவன் சுருட்டை. அவன் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், தலையைக் குனிந்துகொண்டு தட்டை மட்டும் நீட்டியிருந்தான். பயில்வானுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எட்டிய கைக்கு அகப்பட்டவன் அவன், அவ்வளவுதான். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஜன்னல் வழியாகவே உள்ளே இழுத்தான். சுருட்டையின் இடுப்பு ஜன்னல் விளிம்பில் மாட்டியது. இன்னொரு இழுப்பில் உடம்பு முழுவதும் உள்ளே வந்து தரையில் விழுந்தது. தரதரவென்று அடுப்புப் பக்கமாக இழுத்துப்போனான்.

"குளுகுளுன்னு வேணுமா? இரு, தரேன்."

சுருட்டை காலை உதைத்தான், கையால் அடுப்பு மேடையைத் தள்ளினான். மேடை சுட்டு உள்ளங்கை ஒட்டியது. கத்தினான். பயில்வான் அவன் பிடரியில் முழங்கையை வைத்து, முகத்தைச் சட்டிப் பக்கமாக அழுத்தினான். எண்ணெய் தெறித்துக் காது மடல் பொங்கியது. நெற்றிச் சுருள் ஒன்று எண்ணெயில் தோய்ந்து பொசுங்கியது. அந்த நாற்றம் அறை முழுவதும் எழுந்தது.

"அண்ணே, விடு!" அவள் அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். பாறையை இழுப்பதுபோல் இருந்தது. பின்பக்கமாக ஒரு முட்டு விட்டான், அவள் மார்பில் மூச்சு அடைத்தது. "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், விட்டுரு."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அண்டாவின் மேல் உட்கார்ந்து "ஒருத்தனாவது நின்னானா" என்று கேட்டபோது இருந்த அதே சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு அவள் யோசிக்கவில்லை. பலகையிலிருந்து கத்தியை எடுத்து, சுருட்டையின் தலையைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் ஓங்கி வெட்டினாள். எலும்பில் போய் முட்டி நின்றது. இழுத்து எடுத்தாள்.

அவன் கை தானாகத் திறந்துகொண்டது. சுருட்டை கீழே விழுந்து உருண்டான். பயில்வான் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. "நீயா?" என்றான். ஓர் அடி பின்னால் வைத்தான். சுவரிலிருந்து வழிந்து தரையில் கிடந்த தயிரில் கால் வழுக்கி, மல்லாக்க விழுந்தான். தலை மேடை விளிம்பில் மோதியது. அக்கா எட்டி பர்னரை அணைத்தாள்.

அதற்குள் பக்கவாட்டுக் கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவன் நின்றிருந்தால் பத்துப் பேர் சேர்ந்தாலும் தயங்கியிருப்பார்கள். அவன் விழுந்து கிடந்தான். முதல் உதை விலாவில் விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. பூட்ஸ் போட்ட கால்கள் வயிற்றிலும் முகத்திலும் மாறி மாறி விழுந்தன. போன வாரம் தோள் உடைந்தவனின் தம்பி, அதே இரும்புத் துடுப்பை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கினான். பயில்வான் ஒரு கையால் முகத்தை மறைத்தான். வெட்டுப்பட்ட கை பேச்சுக் கேட்காமல் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா அவனுக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றாள். ஓங்கியவனின் வயிற்றில் கத்தி முனையை வைத்தாள். சட்டைத் துணி உள்ளே போய் அமுங்கியது.

"தள்ளிக்கோ அக்கா. உன்னையும் அடிச்சிருக்கான்ல."

"என் கூடப் பொறந்தவனையே வெட்டிட்டேன். உன்னை வெட்ட யோசிப்பேன்னு நினைக்கிறியா?"

அவள் உரக்கச் சொல்லவில்லை. மூக்கிலிருந்து வந்த ரத்தம் உதட்டில் இறங்கி, பேசும்போது தெறித்தது. ஒருவன் பக்கவாட்டில் நுழைந்து பயில்வானை உதைத்தான். அவள் திரும்பி அவன் முன்னங்கையில் ஒரு கீறு போட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். அதன் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. துடுப்பு கீழே இறங்கியது.

"வெளிய போங்க. தட்டைக் கழுவி வச்சுட்டுப் போங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சிலர் உண்மையிலேயே கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

பாத்திரம் மூடியிருந்த ஈரத்துணியைக் கிழித்து அண்ணன் கையை இறுக்கிக் கட்டினாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது ஒரு கண் மூடிப்போயிருந்தது. இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்தான். காறித் துப்ப முயன்றான். வாயில் ரத்தம்தான் வந்தது, அதுவும் அவன் மோவாயிலேயே வழிந்தது. அவள் துடைத்தாள்.

போலீஸ் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவனை விசாரித்தது. கூட்டத்தில் எவனோ வெட்டிவிட்டான் என்று அவன் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். இன்ஸ்பெக்டர்கூட அதையே எடுத்துக் கொடுத்தார், "அந்த ஃபவுண்டரிப் பசங்க வெட்டினாங்களா?"

பயில்வானுக்கு அது பொறுக்கவில்லை. "அவனுங்களா? என்னையா? என் மேல கை வைக்க அந்தப் பயலுகளுக்குத் தெம்பிருக்கா சார்? வெட்டினது என் தங்கச்சி. எழுதிக்கோங்க."

பக்கத்தில் நின்ற அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, வாயை மூடுங்க. பொம்பளைப் புள்ளைய உள்ள தள்ளப் போறாங்க."

"தள்ளட்டும். உண்மையத்தானே சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அவள், "ஆமா சார், நான்தான்" என்றாள். அதை மறுத்தால் அண்ணனுக்கு அவமானம் என்று அந்த நேரத்திலும் தோன்றியதை நினைத்து ஸ்டேஷனில் உட்கார்ந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு வலித்தது.

அவளை விட்டதற்குக் காரணம் சுருட்டை. காதிலும் உள்ளங்கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். அந்தக் கத்தி விழாமல் இருந்திருந்தால் தன் முகம் சட்டிக்குள் போயிருக்கும் என்று சொன்னான். தட்டால் அவள் பல்லை உடைத்தவன் தான்தான் என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னான். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து, "இங்க யாரு யாரை அடிக்கலைன்னு சொல்லுங்கய்யா, அது சீக்கிரம் முடியும்" என்றார்.

வெளியே வந்து இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். 

"பல்லு வலிக்குதா அக்கா?"

"வலிக்குது."

"பல்லைக் கட்டிக்கிறதுக்கு நான் ஏதாவது..."

"நெட்டையனுக்குத் தினம் சாப்பாடு எடுத்துட்டுப் போ. கட்டிக் கொடுக்கிறேன்."

அவன் எடுத்துப்போனான். வெயில் காலம் முடியும்வரை கேன்டீனில் பெரிய அடுப்பு எரியவில்லை. யார் நடத்தினாலும் உலை நிற்காமல் இருந்தால் போதும் என்று மேனேஜர் குத்தகையை அவள் பெயருக்கு மாற்றிவிட்டார். உலை முன்னால் அதன் பிறகும் வியர்த்தார்கள், சண்டை போட்டார்கள், மூக்கை உடைத்துக்கொண்டார்கள். சாப்பிட்ட கையோடு விழுந்தவன் மட்டும் இல்லை. நெட்டையனுக்குக் கட்டைக்கால் பொருத்தினார்கள். வாசல் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. கேன்டீன் சாப்பாட்டை வாங்குவான், அவளிடம் பேசுவதில்லை. ஒரு நாள் பழம் தீர்ந்துவிட்டது என்றபோது மட்டும், "எனக்கு எடுத்து வச்சிருக்கணும்ல" என்று கோபித்தான். அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பயில்வானின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது என்றார்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி இருந்தான். அண்ணி சொன்னாள், சோறு பிசைய முடியாத ஆத்திரத்தில் தட்டை வீசுகிறான், ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறான், தங்கச்சி பெயரை எடுத்தால் அடிக்க வருகிறான்.

அக்கா ஒரு சாயங்காலம் போனாள். கிண்ணத்தில், கரண்டியால் எடுத்துச் சாப்பிடும்படி, வெள்ளரிக்காயையும் தக்காளியையும் துண்டு துண்டாக நறுக்கித் தயிரில் கலந்து கொண்டுபோனாள். அவன் கிண்ணத்தை வாங்கினான். வாங்கி, அவள் மேலேயே எறிந்தான். நெற்றியில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மறு வாரம் போனாள். அதற்கும் மறு வாரம் போனாள். அன்று அவன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். இடது கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தான். குறி தப்பிப் பாதி காதிலும் பாதி காற்றிலுமாகப் போயிற்று. அவள் அசையாமல் நின்றாள்.

"பழக்கம் பத்தாது அண்ணே" என்றாள். "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பழகணும்."

அவன் முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிப்பா, அழுகையா என்று அண்ணியாலும் சொல்ல முடியவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். மடங்காத விரல் இரண்டும் கைப்பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மூச்சு பெரிது பெரிதாக வந்தது.

"போ" என்றான். "நாளைக்கு வராத."

"சரி" என்று கிண்ணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனாள்.